சிரிஞ்சில் ஏற்றிய மை

ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தை என்ன செய்தது என்று திண்டிவனத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நானும் வீட்டம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்து விடிய விடிய முழித்திருந்தோம். அரிசி மூட்டையை எடுத்தோம், கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தோம், மாத்திரை டப்பாவை எடுத்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மட்டும் இரண்டு பேர் நினைவுக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் அதைத் திறந்தேன். அன்றைக்குப் பார்த்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நேராக அங்கே போக முடியாது. பிரிண்டருக்கு வீட்டிலேயே மை ஊற்றிய பழைய கதையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் ஓய்வு பெற்றது 2009இல். விழுப்புரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன். தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டியிலோ பஸ்ஸிலோ போய் வந்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வந்த பணத்தில் கடன் அடைத்ததுபோக மீந்ததில் ஒரு கம்ப்யூட்டரும், அதோடு ஒரு சின்ன இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்கினேன். பிரிண்டர் விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கலரில் அடிக்கும், ஸ்கேன் எடுக்கும். 'இவ்வளவு மலிவா?' என்று மயங்கிப்போய் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

கறுப்பு கார்ட்ரிட்ஜ் தீர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புதிது கிட்டத்தட்ட ஐநூறு ரூபாய். கலர் அதைவிடக் கூட. உள்ளே இருப்பதோ சில மில்லி மை, இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் ஒரு வேளைக்கு வரும். கறுப்பும் கலரும் இரண்டு முறை மாற்றினால் பிரிண்டர் விலையே வந்துவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். அந்த வரலாறு சுவையானது.

ஜப்பானில் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்று ஒரு பொறியாளர். 1977 ஆகஸ்டில், மை நிரப்பி மேஜைமேல் வைத்திருந்த ஒரு சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாகப் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை பீச்சிக்கொண்டு வெளியே வந்தது. சூட்டில் மை கொதித்து ஒரு நீராவிக் குமிழி உண்டாகி, அந்தக் குமிழி முன்னால் இருந்த மையைத் தள்ளியிருக்கிறது. மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கேனன் அதற்கு 'பபுள் ஜெட்' என்று பெயர் வைத்து 1985இல் பிரிண்டராகக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெச்பி நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் இதே யோசனைக்கு வந்தார். அவருக்கு வழி காட்டியது காபி பெர்கோலேட்டரில் கொதிக்கும் தண்ணீர் மேலே ஏறும் வேடிக்கை என்கிறார்கள். 1984இல் ஹெச்பி 'திங்க்ஜெட்' வந்தது. அதன் கார்ட்ரிட்ஜில் மை கக்குவதற்கு 12 துளைகள்தான். இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தலைமயிரைவிட மெல்லிய துளை என்றால் அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். அதற்கு முன் வந்த மை பீச்சும் எந்திரங்களுக்கெல்லாம் அதுதான் தீராத தலைவலி. ஹெச்பிக்காரர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று, துளைகள் உள்ள தலையையே மைக்கூட்டோடு சேர்த்துச் செய்துவிட்டார்கள். மை தீர்ந்தால் தலையோடு கழற்றி எறி, புதுசு போடு. உண்மையான ஒரு கஷ்டத்துக்கு உண்மையான தீர்வுதான் அது. ஆனால் வீசி எறிகிற பொருளைத் திரும்பத் திரும்ப விற்கலாம் என்பது பிறகு வியாபாரமாயிற்று. எந்திரத்தை அடக்க விலைக்கும் கீழே கொடு, மையில் வசூல் செய்துகொள். ரேஸரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பார்களே, அந்தக் கணக்கு.

இது நம் ஊருக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? தீர்ந்தால் எறி என்றால் நம் கை கேட்குமா? என் தலைமுறைக்கு இங்க் பேனாவில் மை தீர்ந்தால் நிரப்பத்தான் தெரியும். 1960களில் பள்ளிக்கூடத்தில் மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்வோம். கூட ஒரு சொட்டு, குறைய ஒரு சொட்டு என்று பக்கத்துப் பையனுக்கு பெஞ்சில் கடன் கொடுத்ததுண்டு. இப்போது 'கேம்லின்' என்று நாம் அறியும் பம்பாய்க் கம்பெனியே, தாண்டேகர் என்பவர் 1931இல் குதிரை மார்க் மைப்பொடியும் மை மாத்திரையும் விற்று ஆரம்பித்ததுதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு டைப்ரைட்டர் ரிப்பன். மங்கிப்போனால் தலைகீழாகத் திருப்பிப் போடுவோம், அதுவும் மங்கினால் ராத்திரி ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுச் சுருட்டி வைத்தால் காலையில் ஒரு வாரத்துக்குத் தாங்கும். அலுவலகத்தில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வந்ததும் அந்த ரிப்பனுக்கும் மை ஏற்றிக் கொடுக்க ஆள் வந்தான். சின்ன மோட்டார் ஒன்றை வைத்து ரிப்பனைச் சுற்றவிட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவான். அவன் வந்துபோன நாளில் அலுவலகத்தில் எல்லார் கையும் கறுப்பு.

ஆகவே கார்ட்ரிட்ஜுக்கு மை ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு அது அதிசயமே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் அப்போது மை பாட்டிலும் சிரிஞ்சும் கிடைக்கும். விழுப்புரத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தம்பி சின்னக் கடை போட்டிருந்தான். 'இங்க் ரீஃபில் செய்து தரப்படும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டைதான் போர்டு. கறுப்புக்கு ஒரு கூலி, கலருக்கு ஒரு கூலி. அவனிடம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை நானே செய்துகொள்கிறேன் என்று நூறு மில்லி பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

"சார், இது டை மை. தண்ணி பட்டா ஓடிடும். எழுத்து நிக்கணும்னா பிக்மென்ட்னு வேற ஒண்ணு இருக்கு, விலை டபுள்" என்றான்.

"நான் என்னப்பா தண்ணியிலயா போடப்போறேன்? கதை கட்டுரை அடிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போது இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

மருந்துக் கடையில் சிரிஞ்ச் கேட்டபோது கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்து, "சுகரா சார்?" என்றார். பிரிண்டருக்கு என்று சொன்னால் நம்பவில்லை.

எப்படி ஊற்றினேன் என்று சொல்கிறேன். இன்னும் பழைய பிரிண்டர் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும். கார்ட்ரிட்ஜின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மெதுவாகக் கிழியாமல் உரித்தால் அடியில் சின்னத் துளைகள் தெரியும். உள்ளே மையைப் பிடித்துவைக்கும் ஸ்பாஞ்ச். ஊசியை அந்த ஸ்பாஞ்சுக்குள் இறக்கி, அவசரப்படாமல், சாமிக்குப் பால் விடுகிறமாதிரி விட வேண்டும். வேகமாக அழுத்தினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பிறகு பாதி எழுத்து விழாது. துளை வாயில் மை தளும்பினால் போதும், ஒரு இழுப்பு திரும்ப எடுத்துவிட்டு நிறுத்தலாம். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று அறை. எந்தத் துளைக்கு எந்த வண்ணம் என்று பல் குத்தும் குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ளாமல் ஊற்றக்கூடாது. முதல் தடவை நான் மஞ்சளில் சிவப்பை விட்டேன். அந்த மாதம் பேரன் ஸ்கூலுக்கு அடித்துக் கொடுத்த தேசியக் கொடியில் பச்சை இருந்த இடம் சேற்று நிறம். "தாத்தா, இது எந்த நாட்டுக் கொடி?" என்று கேட்டான்.

ஊற்றின பிறகு கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை மடித்த டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்தால் ஒரு நேர்க்கோடு விழ வேண்டும். கலருக்கு மூன்று கோடு. கோடு விட்டுவிட்டு வந்தால் அடைப்பு. அதற்கு வைத்தியம் வெந்நீர்தான். ஒரு தட்டில் அடி நனைகிற அளவு, விரல் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, துளைப் பக்கம் மட்டும் படும்படி சில நிமிஷம் வைக்க வேண்டும். காய்ந்த மை நூல் நூலாக இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு துடைக்காமல் ஒற்ற வேண்டும், தேய்த்தால் துளை கெட்டுவிடும். பக்கவாட்டில் பளபளவென்று இருக்கும் செம்புப் புள்ளிகளில் விரல் படக்கூடாது. பட்டால் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். இன்னொன்று, மை சுத்தமாகத் தீரும்வரை அடிக்கக்கூடாது. உள்ளே மையைச் சூடாக்கும் பொடிக் கம்பிகளுக்கு அந்த மையே குளிர்ச்சி. அது இல்லாமல் சூடேறினால் கருகிவிடும், அப்புறம் எத்தனை சிரிஞ்ச் ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. எழுத்து வெளுக்க ஆரம்பித்ததுமே ஊற்றிவிட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு வில்லன் இருந்தான், மின்வெட்டு. 2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே இருந்த நமக்கெல்லாம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. பிரிண்டர் தன் வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி ரப்பர் மூடியால் மூடிக்கொள்ளும், துளை காயாமல் இருக்க. நடுவில் கரண்ட் போனால் கார்ட்ரிட்ஜ் நட்ட நடுவில் வாயைத் திறந்தபடி நிற்கும். கத்திரி வெயிலில் நாலு மணி நேரம் அப்படி நின்றால் என்ன ஆகும்? அந்த வருஷம் நான் வெந்நீர் வைத்ததில் பாதி காபிக்கு, பாதி கார்ட்ரிட்ஜுக்கு. அச்சடிக்க உட்கார்ந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன். கரண்ட் போகிற நேரத்துக்கு இருபது நிமிஷம் இருந்தால்தான் பட்டனைத் தொடுவேன்.

இப்படி வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஊசியேற்றிக்கொண்டிருந்தது நாம் மட்டுமல்ல. இந்தோனேசியாவில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே பெரிய மை பாட்டில்களைக் கட்டி, டியூப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிறமாதிரி கார்ட்ரிட்ஜுக்கு மை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்து ஸ்டூடியோக்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிகள் எச்சரித்துப் பார்த்தன, கேரன்டி கிடையாது என்றன, கார்ட்ரிட்ஜில் சிப் வைத்துப் பார்த்தன. நடக்கவில்லை. கடைசியில் எப்சன் கம்பெனி அந்த ஊர்க்காரன் செய்ததையே தானும் செய்தது. 2010இல் பக்கவாட்டில் மைத்தொட்டி வைத்த பிரிண்டரை இந்தோனேசியாவில்தான் முதலில் இறக்கியது. பிரிண்டர் விலை கூட, மை விலை குறைவு, பாட்டிலில் வாங்கி நீயே ஊற்றிக்கொள். எப்சனுக்கு அது சுலபம். அவர்கள் மையைக் கொதிக்க வைப்பதில்லை, மின்சாரம் பாய்ந்தால் நெளிகிற ஒரு படிகத்தை வைத்துத் தள்ளுகிறார்கள், தலை பிரிண்டரிலேயே நிரந்தரமாக இருக்கிறது. சில வருஷங்களில் கேனனும் ஹெச்பியும் அதே வழிக்கு வந்தன. இன்றைக்கு விழுப்புரத்தில் எந்த இன்டர்நெட் சென்டரில் நுழைந்தாலும் வண்ண வண்ணமாய்த் தொட்டி வைத்த பிரிண்டர்தான். காப்பி அடித்தான் என்று திட்டுவதா, குனிந்து வந்தான் என்று பாராட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கென்னவோ இதில் ஜெயித்தது ஊசி பிடித்தவர்கள் என்றுதான் படுகிறது.

சட்டத்திலும் ஒரு சண்டை நடந்தது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற கம்பெனி, தன் லேசர் டோனர் கார்ட்ரிட்ஜை ஒரு தடவைதான் உபயோகிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு விற்றது. காலியானதை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனிமேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 மே 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொருளை விற்ற அந்த நிமிஷமே அதன்மேல் உள்ள காப்புரிமை தீர்ந்தது, வாங்கியவன் அதை என்ன செய்கிறான் என்று காப்புரிமையைக் காட்டிக் கேட்க முடியாது. விழுப்புரம் தம்பிக்கு இதைப் போனில் சொன்னேன். "நல்ல தீர்ப்பு சார். ஆனா நான் கடைய மூடி ஒரு வருஷம் ஆச்சு" என்றான். தொட்டிப் பிரிண்டர் வந்ததும் ரீஃபிலுக்கு ஆள் வரவில்லை. இப்போது செல்போன் கவர் விற்கிறான்.

டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

அதில் மூன்று வகைக் காகிதம் இருந்தது. முதலாவது, என் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், முத்திரைத்தாளில் கையால் எழுதியது. இரண்டாவது, என் சர்வீஸ் சம்பந்தமான டைப் அடித்த நகல்கள். மூன்றாவது, என் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதிய குடும்ப வரலாறு, 84 பக்கம்.

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். பள்ளிக்கூடத்துப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் செஞ்சிப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் எந்தப் பஞ்சத்தில் கிளம்பினார்கள், எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த அத்தைக்கு எந்த ஊரில் கொடுத்து ஏன் திரும்பி வந்தாள் என்று எல்லாம் அவர் தலையில் இருந்தது. 2011லிருந்து இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். இட்லி சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்வார், நான் அடிப்பேன். அடுத்த வாரம் அச்சடித்ததைக் கையில் கொடுத்தால் சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்துத் திருத்துவார். 2014இல் போய்விட்டார். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போயிற்று. பேப்பரில்தான் இருக்கிறதே என்று நானும் அலட்டிக்கொள்ளவில்லை.

பெட்டியைத் திறந்தபோது கிரயப் பத்திரம் ஊறிப்போய் வாடை அடித்ததே தவிர, எழுத்து ஒன்று கலையவில்லை. அந்தக் காலத்து மை கடுக்காய் மை. கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்துக் கொஞ்சம் பிசினும் சேர்ப்பார்கள். கடுக்காய்க்கு நமக்குப் பஞ்சமா, கல்வராயன் மலையில் கிடைக்காததா? எழுதும்போது வெளுப்பாகத்தான் இருக்கும். காற்றுப் படப்பட இரும்புச் சத்து கறுத்துக் காகித நாருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. எங்கள் அலுவலகத்தில் 'பதிவேட்டில் புளூ பிளாக்தான், ராயல் புளூ எழுதாதே' என்று பெரிய குமாஸ்தா கத்துவாரே, காரணம் இதுதான். புளூ பிளாக் அந்தக் கடுக்காய் மையின் சீமைத் தம்பி. ராயல் புளூ வெறும் சாயம், கண்ணீர் பட்டாலும் கரையும்.

டைப் அடித்த நகல்களும் பிழைத்தன. ரிப்பன் மையும் கார்பன் பேப்பரும் எண்ணெய்ப் பசையும் கரியும் கலந்தவை. தண்ணீர் அவற்றை ஒன்றும் செய்யாது.

அண்ணன் கட்டில் முதல் 29 பக்கம் அப்படியே இருந்தது. ஓரம் சுருண்டிருந்தது, எழுத்து நின்றது. முப்பதாம் பக்கத்திலிருந்து ஒன்றுமில்லை. வெண்மையாகக்கூட இல்லை, ஊதாவும் நீலமுமாகச் சாயம் பரவி, பேரன் தண்ணீர் வண்ணம் அடித்த தாள்மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. முதல் 29 பக்கம் பிரிண்டரோடு வந்த கார்ட்ரிட்ஜிலும், பிறகு காசு கொடுத்து வாங்கிய ஒன்றிலும் அடித்தது. என் பிரிண்டர் வகைக்குக் கம்பெனி போடுகிற கறுப்பு மை பிக்மென்ட், அதாவது தண்ணீரில் கரையாத கரித்தூளைப் பொடிப்பொடியாக மிதக்கவிட்டது. நம் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு, விளக்குக் கரியை எண்ணெயிலோ கோவை இலைச் சாற்றிலோ குழைத்துத் தடவுவார்களே, கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நானூறு ஐநூறு வருஷம் நிற்கிறதே, அந்தக் கரிக்குச் சொந்தக்காரன். முப்பதாம் பக்கத்திலிருந்து நான் ஊசியில் ஏற்றியது. உப்பு கரைகிறமாதிரி தண்ணீரில் கரைந்த சாயம். காய்ந்தாலும் மறுபடி தண்ணீரைக் கண்டால் எழுந்து ஓடிவிடும். ஒரு பாட்டிலில் மிச்சம் பிடித்தது நூற்றைம்பது ரூபாய் இருக்கும்.

வீட்டம்மா எதுவும் சொல்லவில்லை. "ஏங்க, முதல்ல வெயில்ல போடுவோம்" என்று மட்டும் சொன்னாள். மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டோம். தாள் பறக்காமல் இருக்க மேலே புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்தோம். புளியங்காட்டு ஊரில் புளியங்கொட்டைக்கா குறைச்சல்!

காயக் காயத்தான் அதைப் பார்த்தேன். சாயம் ஓடின தாள்களில் அங்கங்கே அண்ணன் கையெழுத்து அப்படியே இருந்தது. பால்பாயின்ட் மை எண்ணெய் மை, அது போகவில்லை. நான் அடித்ததெல்லாம் போய், அவர் திருத்தியது மட்டும் நிற்கிறது. 34ஆம் பக்கத்தில் 'இல்லை, அது சின்னம்மா வழி'. 41இல் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'முனியம்மா', அடிக்கப்பட்ட பெயர் எது என்று தெரியவில்லை. 52இல் ஒரு பெரிய சுழியும் 'இதை எழுதாதே, பிள்ளைகள் மனசு கஷ்டப்படும்' என்றும் இருக்கிறது. எதை எழுதக்கூடாது என்றாரோ அது இப்போது இல்லை.

தப்பிய 29 பக்கத்தையும் இந்தத் திருத்தங்களையும் ஒரு நோட்டில் கையால் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய பேனாவுக்கு நிப்பு மாற்றினேன். மை வாங்கும்போது கடைக்காரரிடம் பாட்டிலை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். தொட்டி வைத்த பிரிண்டர் ஒன்றும் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். கறுப்பு பிக்மென்ட்தானா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கச் சொன்னேன். அச்சடித்ததும் ஒரு தாளைக் குழாயடியில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

67ஆம் பக்கம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதில் ஒரே ஒரு திருத்தம்: 'கிழக்கே இல்லை, மேற்கே.' கிணறா, கோயிலா, தாத்தா கட்டிய முதல் வீடா? அந்தப் பக்கத்தை அடித்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் பெரிய அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது, திருவண்ணாமலைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாள். போனில் கேட்டேன். "போன்ல சொல்ற விஷயமாடா அது? பொங்கல் கழிச்சு வரேன், நேர்ல ஊர்ல போயி காட்டறேன்" என்றாள். வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன்.